பாதி விசில்

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் லத்தீப்பின் பாத்திரக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணமோ கந்தூரியோ நோன்புக் கஞ்சியோ, தேக்சா என்கிற பெரிய பாத்திரமும் கிளறுகிற சட்டுவமும் அங்கிருந்துதான் வாடகைக்குப் போகும். அவருடைய மகள் ருக்ஸாரைத் தெரிந்தவர்கள் வேறு வகை. அவர்கள் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள்மேல் கோபம்.

ருக்ஸார் பி.காம். படித்தவள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் சுப்புராஜ் என்பவர் நடத்திய ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தாள். காலை முழுக்க வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்ற மனு, வாரிசுச் சான்றுக்கான விண்ணப்பம் என்று போகும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் சந்தே தூங்கிவிடும். அந்த நேரத்தில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு டைப்பிங் விளையாட்டை மற்றவர்கள் எப்படி ஆடியிருக்கிறார்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் அந்த வேலை.

விளையாட்டின் பெயர் 'வண்டி கிளம்பிருச்சு'. நாகல்நகரில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கும் சார்லஸ் என்பவர் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து செய்தது. திரையில் ஒரு மினி பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். அதைக் கொடைக்கானல் ஏரிவரை கொண்டுபோக வேண்டும். செம்பட்டி, வத்தலக்குண்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் நிற்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு தமிழ் வார்த்தை இருக்கும். அதைப் பிழையில்லாமல் அடித்தால் ஏறிக்கொள்வார்கள். தப்பாக அடித்தால் படிக்கட்டில் நின்று திட்டுவார்கள், வண்டி நகராது. வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் பனி இறங்கி வார்த்தைகளை மூடும். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள்தான் நிறைய. ஆனால் சிலர் இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்பதையே தவமாகச் செய்தார்கள். திரையும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அதற்கு ஓட்டம் என்று பெயர். சிறந்த ஓட்டங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பார்த்து, ஏமாற்று இல்லை என்று சொல்ல வேண்டும்.

அந்த யாராவது ஒருவராக சார்லஸ் இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் ஒட்டன்சத்திரத்தில் விதைக்கடை வைத்திருக்கும் அருள்நாதன். மற்றவள் ருக்ஸார். விளையாட்டில் பெருமாள்மலை என்ற ஊரைப் 'பெருமாள்மழை' என்று போட்டிருக்கிறீர்கள் என்று அவள்தான் முதலில் எழுதிச் சொன்னாள். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் மழையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் ஓட்டத்தைப் பார்த்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ருக்ஸார் அதைக் கடைசியில்தான் பார்ப்பாள். முதல் தடவை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். ஓட்டக்காரர்களில் பெரும்பாலானோர் பழகியிருந்த விசைப்பலகையில் மெய்யெழுத்துகள் வலது கைக்கும் உயிரெழுத்துகள் இடது கைக்கும் போகும். ஆகவே நன்றாகத் தமிழ் அடிக்கிற கைகள் நடக்கிற கால்களைப் போல மாறி மாறி விழும். எங்கே தடுக்குகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். இரண்டாம் தடவை தப்புகளைப் பார்ப்பாள். தப்பு அடிக்காதவர்கள் யாரும் இல்லை. அடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். பயந்த கை, ஒரு எழுத்தை அழிக்கப் போய் மூன்று எழுத்தை அழிக்கும். மூன்றாம் தடவை, கூட்டமாக நிற்கும் பயணிகளில் யாரை முதலில் ஏற்றுகிறார்கள் என்று பார்ப்பாள். பிறகுதான் நேரம்.

செல்லும், செல்லாது என்று சொல்வதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கீழே ஒரு வரி எழுதுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. 'வேகம் இருக்கிறது. நிதானம் செம்பட்டியிலேயே இறங்கிவிட்டது' என்று ஒருவருக்கு எழுதினாள். 'செல்லும். ஆனால் பார்க்கச் சங்கடமாக இருந்தது' என்று டொராண்டோவில் பல் மருத்துவராக இருக்கும் ஒருவருக்கு எழுதினாள். அவர் கொஞ்ச காலம் விளையாட்டையே விட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில் 'மலைக்காத்து' என்ற பெயரில் ஓர் ஓட்டம் வந்தது. பட்டியலின் முதல் இடத்தை அது சாதாரணமாகத் தாண்டவில்லை. அரை நிமிஷத்துக்கு மேல் தாண்டியிருந்தது. அருள்நாதன் ஒரு தடவை பார்த்துவிட்டு போன் செய்தார்.

"ஏனுங்க ருக்ஸார், இதுக்கு மேல என்னங்க பாக்கறது? கை தெரியுது, திரை தெரியுது. ஏத்தி உட்ருங்க."

"செத்த நேரம் குடுங்கண்ணே. கேட்டுட்டுச் சொல்றேன்."

கேட்டாள். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டிவரை நல்ல கை. அவ்வளவுதான், அவசரம் கொஞ்சம் தூக்கல். வத்தலக்குண்டுக்கு மேல் அது வேறு கை போல ஆகிவிட்டது. ஒரே ஆள்தான்; அதில் சந்தேகமே இல்லை. வலது கைச் சுண்டுவிரல், தனக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது போல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மோதிர விரல் நகத்தில் எங்கோ கதவில் நசுங்கிய கறுப்பு. இரண்டு பாதியிலும் அதே விரல், அதே நகம். ஆனால் மலையில் அந்தக் கை அடித்த அடி! ருக்ஸார் வேலையை மறந்து, அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அன்று மதியம் வந்த ஒரு வாரிசு விண்ணப்பக்காரரைச் சுப்புராஜே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்படிக் கேட்டதில்தான் அது காதில் விழுந்தது. வத்தலக்குண்டு நிறுத்தத்தில், விசைகளின் சத்தத்துக்குப் பின்னால், எங்கோ சமையலறையில் ஒரு குக்கர் விசில் அடிக்கத் தொடங்கியது. தொடங்கிய விசில் பாதியில் இல்லாமல் போயிற்று.

"அண்ணே, குக்கர் விசில் பாதியில நிக்குமா?"

சுப்புராஜ் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி யோசித்தார். "கேஸ் தீந்தா நிக்கும்."

"அப்பவும் கொஞ்சம் கொஞ்சமால்ல அடங்கும்? இது வெட்டுன மாதிரி நிக்குது."

"அப்ப யாரோ வெட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

ருக்ஸார் எழுதினாள்: 'செல்லாது. விசில் முழுதாக இல்லை.'

மலைக்காத்து மூன்று பத்திகளில் பதில் போட்டார். மரியாதையான பதில்தான். கை தன்னுடையது, விசைப்பலகை தன்னுடையது, குக்கர் மட்டும்தான் தன் அம்மாவுடையது என்று எழுதியிருந்தார். வெட்டவில்லை என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. ருக்ஸார் அதைக் கவனித்தாள். பதில் போடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் முகமது யாசின், வத்தலக்குண்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறவன். அவனுடைய அத்தா, அம்மா, இன்னும் இரண்டு மாமிகள். ருக்ஸாரின் அம்மா அஜீஸுன்னிசா காலையிலிருந்து சமோசாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்துல் லத்தீப், வாடகைக்குப் போகாத புதுத் தட்டுகளைக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். பெண்ணும் பையனும் செத்த நேரம் பேசிக்கொள்வது இப்போது பேகம்பூரிலும் வழக்கமாகிவிட்டது. துணைக்கு ஒருவர் இருந்தால் போதும். அண்ணன் மனைவி ஜீனத் துணைக்கு வந்து, கதவோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ருக்ஸார் தலையைக் குனிந்திருந்தாள். அதனால் பையனின் முகம் தெரியவில்லை. டீ கிளாஸைப் பிடித்திருந்த கைதான் தெரிந்தது. சுண்டுவிரல் தனியாக மேலே தூக்கியிருந்தது. பக்கத்து விரலின் நகம் கறுப்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வத்தலக்குண்டுல விசிலு பாதியில நின்னுச்சே, ஏன்?" என்றாள்.

யாசின் டீயைக் கீழே வைத்தான். "நீங்கதானா அது?" என்றான். பிறகு, "அம்மா அடுப்பை அணைக்கச் சொல்லிச்சு. ரெண்டு தடவை சொல்லிச்சு. எந்திரிச்சுப் போயி அணைச்சேன். வந்து பாத்தா படிக்கட்டுல நாலு பேரு நின்னு திட்டிக்கிட்டிருக்கான்" என்றான்.

"அப்புறம்?"

"ஆட்டத்தை எந்த ஸ்டாப்புலருந்தும் ஆரம்பிக்கலாம்ல, வத்தலக்குண்டுலருந்து புதுசா ஓட்டினேன். ரெண்டையும் ஒட்டிட்டேன். ரெண்டும் என் கைதான்."

"கை உங்களோடதுதான். நான் இல்லைன்னு சொல்லல. ரெண்டு ஓட்டத்தை ஒண்ணுன்னு சொன்னா செல்லாது."

யாசின் தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு அவன் கேட்டதை ருக்ஸார் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளில் அவளிடம் எல்லாரும் செல்லுமா, செல்லாதா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

"சரி, செல்லாது. ஆனா மலை ஏறுனது நல்லா இருந்துச்சா?"

ருக்ஸார், தீர்ப்பு எழுதும்போது யோசிப்பது போலவே யோசித்தாள்.

"டம்டம் பாறை வளைவுல மூணு பேரு நிப்பாங்க. எல்லாரும் சின்ன வார்த்தையை முதல்ல அடிச்சு ஆளைக் குறைப்பாங்க. நீங்க பெரிய வார்த்தையை எடுத்தீங்க. பனி மூடுறதுக்குள்ள அது முடிஞ்சிருச்சு. சின்னது ரெண்டும் பனிக்குள்ள இருந்தாலும் மனசுல நின்னுச்சு. அந்த மாதிரி யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. அதுக்கு மேல ஊத்து ஸ்டாப்புல ஒரு தப்பு விட்டீங்க. ஒரே தட்டுல அழிச்சிட்டுப் போயிட்டீங்க. அம்புட்டும் நல்லா இருந்துச்சு. ஆனா திண்டுக்கல்லருந்து ஓட்டிட்டு வந்த கை அந்த எடத்துல களைச்சிருக்கணும். உங்க கை களைக்கல. களைச்ச கையோட மலை ஏறுறதுதான் இந்த ஆட்டமே."

யாசின் தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

ஜீனத் உள்ளே போனதும் அஜீஸுன்னிசா பிடித்துக்கொண்டார். "என்னடி பேசுனாக?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மாமி. இவ செல்லாதுன்னுட்டா. அவரு தலையைத் தொங்கப் போட்டுட்டாரு."

"எது செல்லாதாம்?"

"ஓட்டமாம். அவரு ஓடியிருக்காரு போல. அவரே ஒத்துக்கிட்டாரு. ரெண்டு ஓட்டமாம்."

"ரெண்டு தடவையா?" என்று அஜீஸுன்னிசா நெஞ்சில் கை வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுவிட்டு, நல்ல செய்தியாகச் சொல்லி அனுப்புங்கள் என்று கிளம்பிப் போனார்கள். மறுநாள் காலை அப்துல் லத்தீப்பின் தம்பி அப்துல் வாஹித், யாருக்கும் சொல்லாமல் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, அச்சகத்து யாசின் முன்னால் யாரையாவது கூட்டிக்கொண்டு ஓடினானா என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை வத்தலக்குண்டில் யாரும் அப்படி யோசித்ததே இல்லை. அவர் கேட்ட பிறகு யோசித்தார்கள். திரும்புகிற பஸ்ஸுக்காக அவர் காத்திருந்த நேரத்துக்குள் இரண்டு பேர், ஆமாம், எங்கோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது என்று உறுதி செய்தார்கள்.

சாயங்காலம் இந்தப் பேச்சு யாசின் வீட்டுக்கும் போய்விட்டது. அவனுடைய அத்தா அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஏலே, ஓடுனியா?" என்று கேட்டார். அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த யாசின், பெண் வீட்டிலிருந்து விளையாட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். "ஓடுனேன் அத்தா. ரெண்டா ஓடுனேன். தப்புதான்" என்றான். அவனுடைய அம்மா அன்று உலையே வைக்கவில்லை.

பேகம்பூரில் ருக்ஸாருக்கு எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது அம்மா, "நல்லவேளை, நீயே கேட்டுப்புட்ட. இல்லாட்டி ஓடிப்போன பயலுக்கில்ல உன்னைக் கட்டிக் குடுத்திருப்போம்" என்று அவள் தலையைத் தடவினார்.

"யாரு ஓடிப்போனா?"

விஷயம் முழுதும் வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனைப் பற்றித் தான் சொன்ன ஒரு வார்த்தை, சொன்ன அர்த்தத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்வந்திருக்கிறது. தீர்ப்புகளை ஒரே வரியில் எழுதியே பழகியவள் அன்று அத்தாவிடம் அரை மணி நேரம் பேசினாள். பேச்சில் புரியவில்லை. மறுநாள் அவரைச் சுப்புராஜ் கடைக்குக் கூட்டிப் போய்த் திரையின் முன்னால் உட்கார வைத்து, இறக்கி வைத்திருந்த அந்த ஓட்டத்தைப் போட்டாள். சித்தப்பா வாஹித்தும் கூட வந்தார்.

அப்துல் லத்தீப் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார். செம்பட்டி தாண்டியதும், "விசிலு எங்க?" என்றார்.

"இப்ப வரும்."

வந்தது. நின்றது.

"ஆமா, வெட்டியிருக்கான்" என்றார் அப்துல் லத்தீப். ஏரி வந்து ஆட்டம் முடிந்ததும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஓட்டத்தை விசாரிக்கவாடா வத்தலக்குண்டு போன?"

வாஹித், அங்கே டீ நன்றாக இருந்தது என்றார்.

அப்துல் லத்தீப் அங்கிருந்தே யாசினின் அத்தாவுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். ஓடினது பையன் இல்லை, பஸ்தான் என்று அவர் விளக்கியதை எதிர்ப்பக்கம் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பதில் சொன்ன குரல் இளகியிருந்தது. சம்பந்தம் பேசுவதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு ருக்ஸார், நாலு நாளாகப் பார்க்காமல் விட்டிருந்த ஓட்டங்களின் பக்கத்தைத் திறந்தாள். மலைக்காத்துவின் ஓட்டத்துக்குக் கீழே, அவள் எழுதிய வரிக்குக் கீழே, புதிதாகச் சில வரிகள் இருந்தன. 'இந்த ஓட்டம் இரண்டு துண்டு. வத்தலக்குண்டில் நான் ஒட்டினேன். சரிபார்த்தவர் சொன்னது சரி. அவருக்கு எழுதிய மூன்று பத்திகளையும் திரும்பப் பெறுகிறேன்.' அதை அவன் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே எழுதியிருந்தான். அதாவது, ஊர் அவனை ஓடிப்போனவன் என்று சொல்லத் தொடங்குவதற்கு முந்தின நாள்.

அவள் நிராகரித்த ஆட்கள் பலர். சிலர் சண்டை போட்டார்கள். சிலர் பெயரை மாற்றிக்கொண்டு அதே ஓட்டத்தோடு திரும்ப வந்தார்கள். வெட்டினேன் என்று எல்லாரும் பார்க்க எழுதியவர் யாரும் இல்லை. அவள் அந்த வரிகளைத் திரும்பவும் படித்தாள். சுப்புராஜ் தன் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாரே என்று, ஓட்டம் கேட்பவள் போல ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதில் எதுவும் ஓடவில்லை.

சாயங்காலம் பாத்திரக்கடைக்கே நேராகப் போனாள். அப்துல் லத்தீப் ஒரு தேக்சாவின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, வத்தலக்குண்டுக்குச் சரின்னு சொல்லிருங்க."

"அப்ப அந்த ஓட்டம் செல்லும்ங்கிறியா?"

"அது செல்லாது அத்தா. அவரு சரி."

அப்துல் லத்தீப் தலையாட்டிவிட்டு போனை எடுத்தார்.

நிக்காஹ் பேகம்பூரில் நடந்தது. சார்லஸ் பெங்களூரிலிருந்து வர முடியவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து அருள்நாதன் வந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் எதிர்பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார். பிரியாணியை முடித்துவிட்டு, கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையைப் பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த ரெண்டாம் பாதிய அப்படியே உட்டுடறதுக்கு மனசு வரலீங்க. மலைப் பாதைக்கு மட்டும் தனிப் பட்டியல் ஒண்ணு போட்டுட்டா என்னங்க? அங்க அது முழு ஓட்டந்தானுங்களே."

சார்லஸ் ஒப்புக்கொண்டார். 'மலை மட்டும்' என்று புதுப் பட்டியல் வந்தது. கணவன் ஓட்டத்தைத் தான் பார்க்கக் கூடாது என்று ருக்ஸார் ஒதுங்கிக்கொண்டாள். அருள்நாதனே பார்த்து முதல் இடத்தில் ஏற்றினார். முழுப் பாதையிலும் யாசின் வெட்டாமல் ஓர் ஓட்டம் அனுப்பினான். அது ஏழாவது இடத்துக்கு வந்தது. மலையில் கை களைத்திருந்தது. ருக்ஸார் அதைப் பார்த்துவிட்டு, எங்கும் எழுதாமல், அவனிடம் மட்டும், இதுதான் நல்ல ஓட்டம் என்று சொன்னாள்.

இப்போது அவள் வத்தலக்குண்டில் இருக்கிறாள். யாசின் வேலை பார்க்கும் அதே அச்சகத்தில் அவளும் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோக்கிறாள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் செத்த நேரம் ஓட்டங்களைப் பார்ப்பாள்.

போன மாதம் ஒரு நாள் குஜிலியம்பாறையிலிருந்து ராக்கம்மாள் என்ற பெண் 'மலை மட்டும்' பட்டியலுக்கு ஓர் ஓட்டம் அனுப்பியிருந்தாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறவள். ருக்ஸார் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தப்புகளைப் பார்த்தாள். பிறகு யாரை முதலில் ஏற்றினாள் என்று பார்த்தாள். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒப்புதல் கொடுத்துவிட்டு, தட்டைப் போட்டு யாசினைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"உங்க முதல் எடம் போயிருச்சு" என்று சோற்றைப் பரிமாறினாள்.

"யாரு ஏத்துனது? அருள்நாதன் அண்ணனா?"

"நான்தான். சுத்தமான ஓட்டம்."

யாசின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்புறம் வெஞ்சனம் என்ன?" என்றான்.

"கத்தரிக்காய்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, அந்த வீடியோவைப் போடச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே ஹெட்போனின் ஆளுக்கொரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். டம்டம் பாறையில் ராக்கம்மாள் நடுத்தர வார்த்தையை முதலில் எடுத்தாள்.

"அட" என்றான் யாசின். "இப்படியும் எடுக்கலாமா?"

"எடுத்துட்டாள்ல" என்றாள் ருக்ஸார்.